மூடி

மட்டக்குளியில் மழை விட்டு ஏழாம் நாள்.
முட்டை குடம்பியாகி, குடம்பி கூடாகி
சிறகு முளைக்க இன்னும் இரண்டு நாள்தான்.
அதற்குள் எல்லா வீட்டு வாசலிலும் நிற்க வேண்டும்
நானும் ஒரு டோர்ச்சும் நீள்காம்புக் கரண்டியும்.

நாற்பத்தொன்றின் கீழ் நாலு. பின் அறை.
தகரத்துக்கு அடியில் வெயில் சம்மணமிட்டிருந்தது.
கதவு திறந்தவள் பெயர் நேசமலர்.
ஊர் நெடுங்கேணிப் பக்கம்.
"வந்து எட்டு மாசம், தங்கச்சி."

வாளி நாலு, பேசன் இரண்டு,
கழுவிய பெயின்ற் டின் மூன்று,
ஐஸ்கிரீம் டப்பாக்கள், அடுப்புக்கடியில் ஒரு குடம்.
அறை முழுக்கத் தண்ணீர் குடியிருந்தது.
மூன்று மனிதர்
அதன் இடுக்குகளில் படுத்தெழும்பினார்கள்.

"இஞ்ச பைப்பில நாள் முழுக்க வருமே, அக்கா?"
"வரும்."
"பிறகேன்?"
அவள் பார்த்த பார்வையில்
நான்தான் வெளியூர்.

என் வீட்டுச் சுவரில்
களனி கங்கை வந்துபோன கோடு இடுப்புயரத்தில் இருக்கிறது.
எனக்குத் தண்ணீர் என்றால்
தும்புத்தடியால் வெளியே தள்ள வேண்டியது.
அவளுக்கு,
செவ்வாய் வரும் என்று சொல்லி
வெள்ளியும் வராத பவுசர்.
மூன்று மாரி பொய்த்து
நாலாவது ஒரே இரவில் வந்து
விதைநெல்லையும் வரம்பையும் சேர்த்தே கொண்டுபோனது.
கிணறு இறங்க இறங்க
நீர் தடித்ததாம், கேத்திலில் வெள்ளை படிந்ததாம்.
அதைத்தான் குடித்தார் கனகரூபன்.

அவர் சுவரோரம் இருந்தார், கால் வீங்கி.
கிழமையில் இரண்டு நாள் மெஷின்.
நாளைக்கு அரை லீற்றர்தான் குடிக்கலாம்.
போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி அளவு குறித்திருந்தது.
இத்தனை தண்ணீருக்கு நடுவில்
ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கி
அது கரைகிற வரைக்கும்
யாரோடும் பேசவில்லை.

படிவம் கேட்டது: இடம்பெயர்ந்த காரணம்?
திருமணம். தொழில். கல்வி. ஏனையவை.
'ஏனையவை'க்கு அருகில் இருந்த கட்டம்
நுளம்பு முட்டை அளவு.
அதற்குள் நான்கு மாரியை
எப்படி மடித்து வைப்பது?

மூன்றாவது வாளியில் கரண்டி இறக்கினேன்.
டோர்ச் வெளிச்சம் பட்டதும்
தலைகீழாகத் தொங்கியவை நெளிந்து கீழே ஓடின.
"இதில பூச்சி இருக்கு, அக்கா."
"கொட்டாதேங்கோ. துணி தோய்க்கிறன்.
ஒரு மணித்தியாலம்."
சட்டம் ஒரு மணித்தியாலம் தருவதில்லை.
வாசலில் கவிழ்த்தேன்.
தண்ணீர் விழும்போது அவள் கையை நீட்டினாள்.
தடுக்கவில்லை.
விரல்களுக்கிடையால் போக விட்டாள்.

அப்போதுதான் பாயில் பிள்ளையைக் கண்டேன்.
அபிநிலா, எட்டு வயது.
"ரெண்டு நாளாக் காயுது.
கொழும்பு வெக்கை ஒத்துக்கொள்ளேல்ல."
நெற்றியைத் தொட்டேன்.
வெக்கைக்கு இப்படிக் கண்ணுக்குப் பின்னால் வலிக்காது.
"இண்டைக்கே கொண்டுபோங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ."
"நாளைக்கு இவருக்கு மெஷின்" என்றாள்,
இன்றைக்கும் நாளைக்கும் நடுவில்
ஒரேயொருத்தியாக நின்றுகொண்டு.

ஓட்டோவை நான்தான் மறித்தேன்.
தண்டப் பத்திரத்தை எழுதவில்லை.
பொக்கெற்றில் அது இன்னும் நாலாக மடிந்து கிடக்கிறது.

ஆறு நாள் கழித்துப் போனேன்.
பக்கத்து வீட்டு ருக்சானா சொன்னாள்:
"வார்ட்டில. பிளேட்லட் ஏறத் தொடங்கிட்டாம்."
தாயிடம் இப்போது இரண்டு கொப்பி இருக்கிறதாம்,
ஒருவர் எவ்வளவு குடிக்கக் கூடாது என்று ஒன்று,
ஒருத்தி எவ்வளவு குடித்தாள் என்று மற்றது.
ஒரே பேனை.

அறைக்குள் பேசன்கள் கவிழ்ந்திருந்தன.
டின்கள் காய்ந்திருந்தன.
மூலையில் ஒன்று மட்டும்,
பெயின்ற் வாளி,
மேலே சோற்றுக் கோப்பை,
கோப்பைக்கு மேலே அம்மிக்குழவி.

கனகரூபன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டோர்ச்சை அணைத்தேன்.
திறக்காமலே எழுதினேன்:
மூடியுள்ளது.